வுல்வரினை எங்கே அடிப்பது?

மார்வெல் காமிக்ஸின் கையேடுகளில் வுல்வரினுக்கு இரண்டு எடைகள் கொடுத்திருக்கிறார்கள். வெறும் உடம்பு 195 பவுண்டு. எலும்புகளின்மேல் பூசியிருக்கும் அடமாண்டியம் என்ற கற்பனை உலோகத்தையும் சேர்த்தால் 300 பவுண்டு. நம் கணக்கில், 88 கிலோ ஆள் ஒருவன் 48 கிலோ உலோகத்தை உடம்புக்குள் வைத்துக்கொண்டு 136 கிலோவாக நடமாடுகிறான். உயரம் ஐந்தடி மூன்றங்குலம்தான். திரையில் அவனாக நடித்த ஹியூ ஜாக்மன் ஆறடிக்கும் மேல். பழைய ரசிகர்கள் சிலருக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

அவன் முதலில் தலைகாட்டியது 1974இல், ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில். அடுத்த இதழில் ஹல்க்கோடு முழுச் சண்டை. எழுதியவர் லென் வீன், உருவத்தை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா, இதழை வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப். கையில் இருக்கும் கூர்நகங்கள் கையுறையில் பொருத்தியவை என்பதுதான் அப்போதைய எண்ணம். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். நகங்கள் கைக்குள்ளிருந்தே வந்தன. எந்தக் காயமும் தானாக ஆறியது. எலும்புக்கூடு முழுக்க உடைக்கவே முடியாத உலோகமானது. அந்த உலோகத்தை அவன் உடம்பில் ஏற்றிய ரகசியச் சோதனையை 1991இல் பேரி வின்ட்ஸர்-ஸ்மித் ‘வெபன் எக்ஸ்’ தொடரில் வரைந்து காட்டினார்.

இவனை வீழ்த்த மந்திரவாள், வேற்று உலகக் கிருமி என்று கதாசிரியர்கள் எதையெல்லாமோ தேடி அலைந்திருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பாடப்புத்தகம் ஒன்று கையில் இருந்தால் போதும். அதைப் புரட்டினால் தெரிவது, இவனுடைய இரண்டு சக்திகளும் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை என்பது. குணமாகும் சக்தி மட்டும் இல்லையென்றால் அந்த உலோகமே அவனைச் சில வாரங்களில் முடித்துவிடும். உலோகம் உள்ளே இருக்கும்வரை குணமாகும் சக்திக்கு ஒரு நாளும் ஓய்வு கிடையாது.

எளிதான வழி தண்ணீர். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது மனித உடம்பின் அடர்த்தி தண்ணீரைவிட ஒரு மயிரிழை குறைவு. நாம் மிதப்பது அந்த மயிரிழையால்தான். அடமாண்டியத்தின் அடர்த்தியை எஃகின் அளவு என்று வைத்துக்கொண்டால், 48 கிலோ உலோகம் 6 லிட்டர் இடத்தை அடைக்கும். 136 கிலோ எடை, 94 லிட்டர் கொள்ளளவு. மீதி 42 கிலோவை அவன் கையாலும் காலாலும் உதைத்தே தாங்க வேண்டும். அமெரிக்காவில் நீச்சல்குள உயிர்காப்பாளர் தேர்வில் அடியில் கிடக்கும் 10 பவுண்டுப் பொருளை, அதாவது நாலரைக் கிலோவை, எடுத்துக்கொண்டு நீந்தி வரச் சொல்வார்கள். தேறிய நீச்சல்காரர்களுக்கே அதில் மூச்சு வாங்கும். லோகன் என்றும் அழைக்கப்படும் வுல்வரினுக்கு அதைப்போல ஒன்பது மடங்கு.

மூழ்கினால் என்ன, திரும்பக் குணமாகிவிடுவானே என்று கேட்கலாம். குணமாவதும் செல்கள் செய்யும் வேலைதானே! அந்த வேலைக்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். உடம்பின் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்புக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அது நின்று நாலைந்து நிமிடங்களில் மூளைச் செல்கள் சாகத் தொடங்கும். குண்டடி பட்டவனுக்கு மூச்சாவது இருக்கிறது. குளத்தின் அடியில் கிடப்பவனுக்குப் பழுதுபார்க்க ஆள் இருந்தும் கரண்ட் இல்லாத கதை.

அடுத்தது மூட்டு. உலோகம் பூசியது எலும்புக்குத்தான், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பதற்கு அல்ல. கறிக்கடைக்காரர் ஆட்டுத்தொடையைப் பிரிக்கும்போது கவனித்தால் தெரியும். எலும்பை வெட்டுவதில்லை. மூட்டைத் தடவிப் பார்த்து, கத்தி முனையை உள்ளே விட்டு, இரண்டு இழுப்பில் கழற்றிவிடுவார். மனிதனின் முழங்காலும் தோளும் அதே ஏற்பாடுதான். முதுகில் எலும்புகளுக்கு நடுவே 23 தட்டுகள் இருக்கின்றன. நாரும் நீர்ச்சத்துள்ள கூழும் கொண்ட மெத்தைகள் அவை. கழுத்தில் ஏழு எலும்புகளும் உடையாதவைதான். ஆனால் அவற்றை ஒட்டவைத்திருப்பது சாதாரணத் தசைநார். கழுத்தைச் சாய்க்க, திருப்ப, வளைக்க வேண்டுமென்றால் அந்த இடம் மெத்தென்றுதான் இருந்தாக வேண்டும். அதையும் உலோகமாக்கினால் சிலைக்கும் அவனுக்கும் வித்தியாசம் இருக்காது.

தசைநார் எலும்பில் ஒட்டும் விதமும் ஒரு சங்கடம். ஒட்டுகிறது என்று சொல்வதே தப்பு, வேரோடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். நாரின் இழைகள் எலும்புக்குள்ளேயே புகுந்து புதைந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஷார்ப்பியின் பெயரில் அவற்றை ஷார்ப்பி இழைகள் என்கிறார்கள். எலும்பின்மேல் வழவழப்பான உலோகத்தைப் பூசினால் அத்தனை வேர்களும் அறுந்துபோகும். உலகத்திலேயே உறுதியான எலும்பு, அதன்மேல் பிடிமானமே இல்லாத தசை. நகத்தை நீட்டுவது இருக்கட்டும், அவனால் கையைத் தூக்க முடியுமா என்பதே சந்தேகம்.

மண்டையோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கதாசிரியர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கண்ணில் சுட்டால் தோட்டா மூளைக்குப் போய்விடும் என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. சாதாரண ஆளுக்குப் போகும், ஏனென்றால் கண்குழியின் சுவர் காகிதம் மாதிரி மெல்லிய எலும்பு. சுவரை உலோகமாக்கிவிட்டால் மிஞ்சுவது பார்வை நரம்பு போகும் துளை. அது 4, 5 மில்லிமீட்டர் அகலம். பக்கத்தில் ஒரு கோணலான பிளவு. 9 மில்லிமீட்டர் தோட்டா அதில் நுழையாது. நீண்ட ஊசி நுழையும்.

இதுவரை சொன்னதெல்லாம் மேலோட்டம். விஷயம் எலும்புக்குள்ளே இருக்கிறது.

எலும்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூட ஆய்வகத்தில் தொங்கும் வெள்ளை எலும்புக்கூடு. அது காய்ந்துபோன பிணம். உயிருள்ள எலும்புக்குள் ரத்தம் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது, இரவு பகலாக வேலை நடக்கிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துத் தின்றுகொண்டே போகின்றன. இன்னொருவகைச் செல்கள் பின்னாலேயே வந்து புதிதாகக் கட்டுகின்றன. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே இடிக்க வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது பாரம். எந்த இடத்தில் சுமை விழுகிறதோ அங்கே எலும்பு தடிக்கும், சுமை இல்லாத இடத்தில் மெலியும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதிவைத்தார். விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை கரைவது இதனால்தான்.

இப்போது அந்த எலும்பைச் சுற்றி வளையாத உலோகக் கூடு ஒன்றைப் போடுங்கள். எல்லாப் பாரத்தையும் கூடு வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, கரைத்துவிடும். இது கற்பனையல்ல. காலில் பிளேட்டோ ராடோ வைத்தவர்களுக்கும் இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கும் நிஜமாகவே நடக்கிறது. எலும்பைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது எஃகு. அது பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ள, அதன் நிழலில் இருக்கும் எலும்பு மெலிகிறது. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதி என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. இப்போது உள்வைப்புகளைச் செய்பவர்கள் உலோகத்தில் வேண்டுமென்றே நுண்துளைகள் விடுகிறார்கள், எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளட்டும் என்று. மக்னீசியக் கலவையில் செய்து, முறிவு கூடிய பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துபோகிற திருகாணிகளும் வந்துவிட்டன. வெபன் எக்ஸ் ஆய்வகத்தார் இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறார்கள். சில ஆண்டுகளில் லோகனுடைய அடமாண்டியக் குழாய்களுக்குள் எலும்பு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது.

அதற்கு முன்னாலேயே அவன் வேறொரு காரணத்தால் படுத்துவிடுவான். இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளுக்குள் இருக்கும் சிவப்பு மஜ்ஜையில்தான் நம் ரத்தம் உற்பத்தியாகிறது. சிவப்பணுக்கள் மட்டுமே நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல். அவை எலும்பில் இருக்கும் சிறு துளைகள் வழியாகப் போகும் ரத்தக் குழாய்களில் கலந்து வெளியே வருகின்றன. உருக்கிய உலோகம் எலும்பை மூடும்போது அந்தத் துளைகளையும் மூடும். பிறகு நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு, கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் பார்த்த வரிசை. முதலில் போவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள், அவற்றின் ஆயுள் ஒன்றிரண்டு நாள். சாதாரணக் கிருமியே உடம்பை ஆட்டிவைக்கும். அடுத்து, எட்டு முதல் பத்து நாள் மட்டுமே வாழும் தட்டணுக்கள். அவை தீர்ந்தால் ரத்தம் உறையாது, ஈறிலும் மூக்கிலும் கசியும். சிவப்பணுக்களுக்கு 120 நாள் ஆயுள் என்பதால் சோகை மெதுவாகத்தான் வரும். அதுவரை ஆள் இருந்தால்.

இங்கேதான் குணமாகும் சக்தியை நான் கொஞ்சம் கைதூக்கிவிட நினைக்கிறேன். கருவில் இருக்கும்போது நமக்கு ரத்தத்தை உண்டாக்கிக்கொடுத்தவை கல்லீரலும் மண்ணீரலும். பிறந்த பிறகு அந்தப் பொறுப்பை மஜ்ஜையிடம் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவை. ஆனால் பழைய தொழிலை மறப்பதில்லை. மஜ்ஜை நாராகிப்போகும் ஒரு நோயில் மண்ணீரல் மறுபடியும் ரத்தம் தயாரிக்க ஆரம்பிக்கிறது, வீங்கிப் பெருக்கிறது. லோகன் உயிரோடு இருப்பதற்கு ஒரே நம்பத்தகுந்த விளக்கம், அவன் வயிற்றின் இடப்பக்கம் பிரம்மாண்டமான மண்ணீரல் ஒன்று உட்கார்ந்து ரத்தம் தயாரித்துக்கொண்டிருக்கிறது என்பதே. வீங்கிய மண்ணீரல் விலா எலும்புக் கூட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அங்கே உலோகம் கிடையாது. வீங்கிய மண்ணீரல் லேசான அடியிலேயே கிழியக்கூடியது என்று எந்த மருத்துவமனை அவசரப் பிரிவிலும் சொல்வார்கள். ஆகவே கட்டுரைத் தலைப்புக்கு என் முதல் பதில்: விலாவுக்குக் கீழே, இடது பக்கம்.

கால்சியத்தையும் விட்டுவிடக் கூடாது. உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில் இருப்பு. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தத்தில் அது சரியான அளவில் வேண்டும். குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்க ஒரு ஹார்மோன் இருக்கிறது. பெட்டகத்தை நிரந்தரமாகப் பூட்டிவிட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

அந்த உலோகத்தை உள்ளே ஊற்றியபோது எவ்வளவு சூடு? அடமாண்டியம் இறுகாமல் இருக்க 1500 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 816 செல்சியஸ் வேண்டும் என்பது மார்வெல் சொல்லும் கணக்கு. எலும்பில் துளைபோடும் மருத்துவர்கள் பயப்படுவது 47 டிகிரிக்கு. ஒரு நிமிடம் அந்தச் சூடு இருந்தாலே அந்த இடத்து எலும்புச் செல்கள் செத்துப்போகும் என்று 1983இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் துளைபோடும்போது உப்புநீரை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2017இல் வந்த ‘லோகன்’ படம் இந்த வகையில் எனக்குப் பிடித்தமானது. முதுமையில் லோகன் இருமிக்கொண்டும் நொண்டிக்கொண்டும் வருகிறான், அத்தனை வருடம் உள்ளே கிடந்த உலோகம் அவனை விஷமாக அரித்துக்கொண்டிருக்கிறது. படத்தின் அடிதடியைவிட இது நிஜத்துக்கு நெருக்கம். இடுப்பு மூட்டுகளில் கோபால்ட்-குரோமியம் உலோகம் உலோகத்தோடே உரசும் ஒரு வகை இருந்தது. உரசலில் உதிரும் துகள் சுற்றியுள்ள சதையை அழுகச் செய்தது. ரத்தத்தில் கலந்த கோபால்ட் இதயத்தையும் கண்ணையும் காதையும் கெடுத்தது. ஜெர்மனியின் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு இதயம் செயலிழக்கும் நிலையில் 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். பார்வையும் செவியும் ஏறக்குறைய போயிருந்தன. காரணம் பிடிபடவில்லை. அங்கிருந்த மருத்துவர் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்க மருத்துவத் தொலைக்காட்சித் தொடரை வைத்து மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர். அந்தத் தொடரில் வந்த ஒரு நோயாளியின் நினைவு வரவே, இடுப்பு மூட்டைப் பார்த்தார். உலோகம் தேய்ந்து ரத்தமெங்கும் கோபால்ட். மூட்டை மாற்றியதும் இதயம் தேறியது. 2014இல் ‘லான்செட்’ இதழில் இதை எழுதினார்கள். இவையெல்லாம் ஒரு மூட்டால் வந்த வினை. லோகனுக்கு உடம்பில் உள்ள அத்தனை மூட்டும் அப்படி.

காந்தத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அடமாண்டியம் இரும்பு சார்ந்த கலவை என்பதால் 1993இல் ‘எக்ஸ்-மென்’ 25ஆம் இதழில் காந்த சக்தி கொண்ட வில்லன் மேக்னீட்டோ அதை அவன் உடம்பிலிருந்து தோல் வழியாகவே உருவி எடுத்தான். அப்போதுதான் நகங்கள் அடியில் வெறும் எலும்பு என்பது வாசகர்களுக்குத் தெரிந்தது. மேக்னீட்டோ இல்லாவிட்டாலும் ஸ்கேன் மையம் போதும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 டெஸ்லா காந்தப்புலம் பூமியுடையதைவிட முப்பதாயிரம் மடங்கு.

மூளைக்கு வருவோம். 2003இல் வந்த இரண்டாவது எக்ஸ்-மென் படத்தில் போலீஸ்காரர் ஒருவர் லோகனின் நெற்றியில் சுடுகிறார். அவன் சுருண்டு விழுகிறான், கொஞ்ச நேரத்தில் தோட்டா நசுங்கி வெளியே வந்து விழ, எழுந்துகொள்கிறான். இதைப் பார்த்து நான் முதலில் நினைத்தது, உடையாத மண்டைக்குள் மூளை குலுங்கியிருக்கும், மயங்கியது சரிதான் என்று. கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 8 கிராம் தோட்டா நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வந்து ஐந்து கிலோ தலையில் மோதி நின்றால், தலை பின்னால் போகும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் சொச்சம். உலோகம் சேர்ந்த கனத்த தலைக்கு இன்னும் குறைவு. தட்டிவிட்ட மாதிரிதான். தோட்டாவுக்கு அவன் மயங்கியது நடிப்பு.

விழுந்தால் கதை வேறு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து, மூன்று மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், விழுபவன் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 14 மீட்டர். சாதாரண மண்டை என்றால் எலும்பு நொறுங்கி அந்த வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றிருக்கும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்குவதும் அதற்குத்தான், ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்பதும் அதனால்தான். அடமாண்டியம் நசுங்காது. சிமெண்டுத் தரையில் ஐந்து மில்லிமீட்டருக்குள் தலை நின்றுவிட்டால், மூளைக்கு விழும் அடி புவியீர்ப்பைப் போல 2000 மடங்கு. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 100 மடங்கிலேயே மூளை கலங்கிவிடுகிறது. மரங்கொத்தியின் மண்டை அதிர்ச்சியை உறிஞ்சும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். 2022இல் பெல்ஜியத்தின் சாம் வான் வாசன்பெர்க் குழு வீடியோக்களை அளந்து பார்த்து, அது உறிஞ்சுவதே இல்லை, மூளை மிகச் சிறியதாக இருப்பதால்தான் பறவை தப்பிக்கிறது என்று காட்டியது. லோகனின் மூளை நம்முடையதைப் போல ஒன்றே கால் கிலோவுக்கு மேல். அவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இத்தனைக்கும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: அதான் ஆறிவிடுமே! சரி, ஆறுவதற்கு என்ன செலவாகும் என்று பார்க்கலாம்.

கை ஒன்று உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 88 கிலோ ஆளுக்கு நாலரைக் கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்றால் 900 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் வீதம் 150 முட்டை. ஒரு கைக்கு. 2006இல் ‘சிவில் வார்’ தொடர் காலத்துக் கதை ஒன்றில் நைட்ரோ என்ற வில்லன் வெடித்து லோகனின் சதை மொத்தமும் எரிந்து எலும்புக்கூடுதான் மிஞ்சியது. சற்று நேரத்தில் முழு ஆளாக எழுந்து வந்தான். அதற்கு 2500 முட்டையும் ஐம்பது லிட்டர் தண்ணீரும் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று அந்த இதழில் யாரும் கேட்கவில்லை.

பொருள் கிடைத்துவிட்டது என்றே இருக்கட்டும். ஒரு கிராம் புரதத்தைக் கட்ட உடம்புக்கு ஏறக்குறைய 0.8 கிலோகலோரி செலவு, அது கடைசியில் சூடாகத்தான் மாறும். 900 கிராமுக்கு 720. அவன் உடம்பின் வெப்பம் ஒரு டிகிரி ஏறுவதற்கு 70 கிலோகலோரி சொச்சம் போதும். ஆக, ஒரு நிமிடத்தில் கை முளைத்தால் உடம்பு பத்து டிகிரி சூடேறி 47ஐத் தொடும். எலும்பு மருத்துவர்கள் பயந்த அதே 47. கை முளைத்துவிடும், ஆள் வெந்திருப்பான். எலும்புக்கூட்டிலிருந்து முழு உடம்பு என்றால் தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டும்.

நரம்பு இன்னொரு முட்டுக்கட்டை. அறுந்த நரம்பு திரும்ப வளர்வது நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். தோளிலிருந்து விரல்நுனிக்கு 70 சென்டிமீட்டர், அதாவது 700 நாள். அதுவரை புதுக்கை மரத்த கைதான்.

உறுப்பை மீண்டும் வளர்க்கும் உயிர்கள் எல்லாமே பொறுமைசாலிகள். மெக்சிகோவின் ஏரி உயிரியான ஆக்ஸலாட்டல் காலை முழுதாக வளர்த்துவிடும், ஆனால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில். பிளனேரியா என்ற தட்டைப்புழுவின் உடம்பில் 279இல் ஒரு பங்கு துணுக்கே முழுப் புழுவாகும் என்று 1898இல் தாமஸ் ஹன்ட் மார்கன் கண்டார். அதற்கும் நாட்கள் பிடிக்கும். பாலூட்டிகளில் ஓட்டக்காரன் மான். கலைமானின் கொம்பு பருவத்தில் நாளொன்றுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளரும். நமக்கும் ஒரு துளி மிச்சமிருக்கிறது. கதவில் நசுங்கி விரல்நுனி துண்டான குழந்தைகளுக்கு, தையல் போடாமல் சுத்தமாக வைத்துக் கட்டினால் நகத்தோடு நுனி திரும்ப வளர்கிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சிந்தியா இல்லிங்வொர்த் என்ற மருத்துவர் எழுதினார். எழுதிய ஆண்டு 1974. வுல்வரின் தலைகாட்டிய அதே ஆண்டு.

வேகமாகப் பெருகும் செல் என்றால் புற்றுநோய்க்கும் அதே கதவுதான். ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணுவில் எழுத்துப்பிழை விழ வாய்ப்புண்டு. பிழை மிஞ்சிய செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் பி53 என்ற மரபணு நமக்கு ஒரு ஜோடி. யானைகளுக்கு 20 ஜோடி இருப்பதாக 2015இல் கண்டுபிடித்தார்கள், அத்தனை பெரிய உடம்புக்குப் புற்றுநோய் அதிகம் வராததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். லோகனுக்கு யானையைவிட அதிகமாக வேண்டும். மார்வெலுக்கு இது தெரியாமல் இல்லை. 1991இல் வந்த டெட்பூல் என்ற பாத்திரம் புற்றுநோயாளி. லோகனின் குணமாகும் சக்தியை அவனுக்கு ஏற்றியபோது உடம்போடு சேர்ந்து புற்றும் செழித்தது. முகமெல்லாம் அவனுக்குச் சிதைந்திருப்பதன் காரணம் அது. மொத்த எக்ஸ்-மென் சரக்கிலும் உயிரியலுக்கு மிக நெருங்கிய யோசனை இதுதான் என்பேன்.

வடிவமைப்பில் மார்வெல்காரர்கள் தேறியது லாராவிடம். 2003இல் ஒரு கார்ட்டூன் தொடரில் அறிமுகமாகி காமிக்ஸுக்கு வந்த, லோகனின் மரபணுவிலிருந்து உருவாக்கிய பெண். கைக்கு இரண்டு, காலுக்கு ஒன்று என்று ஆறு நகங்கள். உலோகம் நகங்களுக்கு மட்டும். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிகளைப் பூசியிருந்தால் அதோடு வளர்த்தி நின்றிருக்கும். இவளுக்கு மஜ்ஜை சுதந்திரமாக இருக்கிறது, கால்சியப் பெட்டகம் திறந்திருக்கிறது, தசைநார் வேரோடு இருக்கிறது. மிஞ்சும் தொல்லை ஒன்றே ஒன்று. தோலைக் கிழித்துக்கொண்டு உலோகம் வெளியே வரும் அந்த ஆறு வாசல்கள். கிருமிக்கு அதைவிட வசதியான வழி கிடையாது.

இந்தத் தொல்லையோடு நிஜமாகவே மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவீடனில் 1990இல் தொடையெலும்புக்குள் டைட்டானியத் தண்டைப் பதித்து, அதைத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து செயற்கைக் காலை மாட்டினார்கள். எலும்பு அழகாகப் பிடித்துக்கொண்டது. தண்டைச் சுற்றித் தோல் ஒட்டாமல் சீழ் பிடிப்பதுதான் இன்றுவரை தலைவலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கோர்டன் பிளன் குழுவினர் இதற்கு விடை தேடிப் போன இடம் மான் கொம்பு. தோலைத் துளைத்து வெளியே வந்தும் சீழ் பிடிக்காத எலும்பு அது. கொம்பின் அடித்தண்டை வெட்டிப் பார்த்தபோது, தோலுக்குக் கீழே இருக்கும் பகுதி நிறையத் துளைகளோடு இருந்தது. தோலின் அடித்திசு அந்தத் துளைகளுக்குள் புகுந்து வளர்ந்து வாசலை இறுக்கி அடைத்திருந்தது. உலோகத் தண்டிலும் அதே இடத்தில் துளையிட்ட ஒரு விளிம்பை வைத்துப் பார்த்தார்கள். ஜெர்சி தீவில் அறுவடை இயந்திரத்தில் சிக்கிப் பின்னங்கால் பாதம் இரண்டையும் இழந்த ஆஸ்கர் என்ற கறுப்புப் பூனைக்கு நோயல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கால்நடை மருத்துவர் அந்த மாதிரித் தண்டுகளைப் பொருத்தினார். 2010இல் செய்தி வெளியானபோது, கணுக்கால் எலும்பிலிருந்து தோலைத் தாண்டி நீட்டிய இரண்டு உலோகக் கால்களில் ஆஸ்கர் ஓடிக்கொண்டிருந்தது.